இன்னொரு வருஷம்

2020 மார்ச்சில் கிரிவலத்தை நிறுத்தினார்கள். பதினாலு கிலோமீட்டர் பாதையும் வெறிச்சோடிப் போனது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பூவும் சுண்டலும் டீயும் விற்று, அடி அண்ணாமலைப் பக்கம் எத்தனை வீட்டில் உலை கொதித்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கோயிலுக்குள்ள பூசை நிக்கல. பாதையில கடை போட்டவ அடுப்புதான் நின்னுபோச்சு.

பள்ளிக்கூடமும் அதே மார்ச்சில் மூடியாச்சு. பாடம் செல்போனுக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் போனது. வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் அது முதலில் யார் கைக்குப் போகும்? தம்பி கைக்கு. அக்கா பாத்திரம் கழுவி, தண்ணி பிடிச்சு வெச்சிட்டு வந்து, சார்ஜ் மிச்சமிருந்தா பாத்துக்கலாம். டாக்டராகணும்னு உயிரியல் எடுத்த பிள்ளை களை பறிக்கப் போச்சு. இதைச் சொன்னால், ‘உங்க வீட்டு ஆம்பளைங்களைப் போய்க் கேளுங்க’ என்று நழுவுகிறார்கள். கேக்கத்தான் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஆட்சியில இருக்கிறவங்களைக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.

அந்த வருஷம் நீட் தேர்வை மே 3 என்றார்கள், ஜூலை 26 என்றார்கள், கடைசியில் செப்டம்பர் 13 அன்று நடத்தியே தீர்ந்தார்கள். தள்ளிவைக்கச் சொல்லிப் போன வழக்கை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பஸ் ஓடாத நாட்டில், நூலகம் திறக்காத நாட்டில், தகுதிக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது! தேர்வுக்கு முதல் நாள் மதுரையில் ஒரு மாணவி, தர்மபுரியிலும் திருச்செங்கோட்டிலும் இரண்டு மாணவர்கள் உயிரை விட்டார்கள். மூன்று வருஷம் முன்பே, பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், நம்ம அரியலூர் அனிதா, உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று போய்விட்டாள்.

நீட்டை எதிர்த்து நிறையப் பேசியாச்சு. பேசாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். நீட்டுக்கு முன்னால் இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் போல. 2020-21இல் அது எழுபதைத் தாண்டிவிட்டது. அதாவது, பிளஸ் டூ முடித்த கையோடு டாக்டர் படிப்புக்குள் நுழைகிற காலம் முடிந்தது. ஒரு வருஷம் சும்மா இருந்து படிக்கணும், பத்தலேன்னா இன்னொரு வருஷம். இந்தத் தேர்வுக்கு உண்மையான கட்டணம் வருஷம்தான்.

அந்த வருஷம் யாருக்குக் கிடைக்கும்? காசுள்ளவன் வீட்டுப் பையனுக்கு நாமக்கல்லில் கோச்சிங். நம்ம தெருப் பையனுக்குக்கூட, ‘வேலைக்குப் போய்க்கிட்டே எழுதுடா’ என்று சொல்ல ஆள் இருக்கு. பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்ச மறுநாள் மாப்பிள்ளை பேச்சு. கொரோனா காலத்தில் பதினெட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஆளும் கூட்டாம செலவும் இல்லாம முடிச்சிடலாம்னு எத்தனை கல்யாணம். பெத்தவங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. வயசுப் பொண்ணை டவுனுக்கு பஸ் ஏத்திக் கோச்சிங் அனுப்பினால் ஊர்த்தெருப் பையன்கள் என்ன செய்வார்களோ என்ற பயம் சேரிக்கு உண்டு. காதல்னு ஒண்ணு வந்தா தெருவையே கொளுத்துவான் என்ற பயமும் உண்டு. 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். சாதி பொண்ணை வீட்டுக்குள்ள தள்ளுது. வீடு அவளைக் கல்யாணத்துக்குள்ள தள்ளுது. நீட்டு கேக்குற அந்த இன்னொரு வருஷம் அவகிட்ட எங்க இருக்கு?

2020 அக்டோபரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கவர்னர் வாரக்கணக்கில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்து, அரசாணை வந்த பிறகுதான் போட்டார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர் தனியார் கல்லூரிக் கட்டணம் கேட்டு மிரண்டு சீட்டை விட்டுவிட்டு வந்த பிறகுதான், கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவளுக்கு இதில் பங்கு கிடையாது. நம்ம பக்கத்துல ஏழைப் பொண்ணுங்க எத்தனை பேர் மிஷன் பள்ளியில படிக்கிறாங்கன்னு தெரியாதா இவங்களுக்கு?

டாக்டராக்கத்தான் யோசனை. சாகக் கூப்பிட யோசனையே இல்லை. அதே 2020இல் கொரோனா வார்டுக்கு ஒப்பந்த நர்சுகளை எடுத்தார்கள், மாதம் 14,000 ரூபாய்க்கு. கை தட்டினார்கள், விளக்கு ஏற்றினார்கள், பூத் தூவினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள். புது வருஷம் அவர்களுக்குத் தெருவில், போராட்டத்தில் பிறந்தது. வார்டைக் கூட்டித் துடைத்தவர்கள், பிணத்தைச் சுற்றிக் கட்டியவர்கள் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கொள்ளை நோய்க் காலத்தில் கதவு திறந்ததும் உண்டு. உலகமே விஷக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த 1918இல், இதே பழைய வட ஆர்க்காட்டில், வேலூரில், ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். முதல் வருஷமே நூற்றைம்பது விண்ணப்பம் குவிந்தது. அதில் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி, அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே தங்க இடமிருந்தது, சோறிருந்தது, படித்து முடிக்கும்வரை கல்யாணப் பேச்சிலிருந்து ஒதுங்க ஒரு சுவரிருந்தது.

நாம கேக்குறது அந்தச் சுவரைத்தான். நீட் ஒழியட்டும்; சட்டமன்றம் இரண்டு முறை மசோதா போட்டும் டெல்லி மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள், அந்தச் சண்டை நடக்கும். அதுவரை பிளஸ் டூ முடித்ததும் ஆதிதிராவிடர் நல விடுதியை விட்டுப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் பெண்ணுக்கு, அதே விடுதியில் இன்னொரு வருஷம் இடம், சோறு, பயிற்சி, கைச்செலவுக்குப் பணம் கொடு. 7.5இல் இடம் பெறுவோரின் கணக்கைச் சாதிவாரியாக, ஆண் பெண் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடு.

அவர்கள் கணக்கு வரும்வரை நாமே எடுப்போம். தோழர்களே, 2020லிருந்து உங்க தெருவில் உயிரியல் எடுத்த பெண்பிள்ளைகள் எத்தனை, நீட் எழுதியவர்கள் எத்தனை, இரண்டாம் முறை எழுதியவர்கள் எத்தனை, எழுதும் முன்பே தாலி ஏறியவர்கள் எத்தனை? பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடி அண்ணாமலையில் வீடுவீடாகக் கேட்க ஆரம்பித்துவிட்டோம். உங்கள் ஊர்க் கணக்கை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள்.