ஐந்து வருடக் கணக்கு யார் போட்டது?

"ஐந்து வருடம் ஆனால் டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடு" என்கிறார் நண்பர். கம்ப்யூட்டர் என்ன, தேதி அச்சடித்த பால் பாக்கெட்டா? எட்டயபுரத்தில் மனு டைப் அடிக்கும் கடையில் நின்று அவர் இதைச் சொல்லட்டும்.

இது கரிசல் பூமி. புழுதி ஃபேனில் அப்பிக்கொள்ளும்; சூடேறிய பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கு மருந்து பிரஷ்தான், புது மெஷின் அல்ல. கடிகாரம் பழைய தேதிக்குப் போய், இணையதளங்கள் திறக்க மறுக்கின்றனவா? மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். அதன் விலையைக் கேட்டால் நண்பரே சிரிப்பார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால், டீ குடித்துவிட்டு வரும்வரை ஆன் ஆகாத பெட்டியும் சட்டென்று விழிக்கும்.

ஒன்றில் அவர் பக்கம் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. அப்டேட் இல்லாத பெட்டியில் நெட் பேங்கிங் வம்புதான். லினக்ஸ் போடலாம், ஆனால் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் பிழைப்பவருக்கு அது சரிவராது. அவர் நெட்டுக்கு மட்டும் புதியது வாங்கட்டும். பழையதில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டால், கல்யாணப் பத்திரிகை அடிக்க அது இன்னும் எத்தனையோ முகூர்த்தம் பார்க்கும்.