அடிபட்ட தலையில் குளிகை வியாபாரம்

அலோர் காஜாவிலிருந்து ஜாசின் வரை ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு தலையில் அடிபடும் அச்சத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சாலையில் சாகிறார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். செம்பனைக் காட்டில் அறுத்த குலையோ மட்டையோ தலையில் விழுவது இன்னொரு கணக்கு. செத்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்து, நினைவு தப்பி, கோபம் கூடி, வேலைக்குத் திரும்ப முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை. அந்த வீடுகளின் கதவைத்தான் குளிகை வியாபாரிகள் தட்டுகிறார்கள்.

மஞ்சள் குளிகை, வல்லாரைச் சாறு, நீர்ப்பிரமி, செம்பனை எண்ணெயில் எடுத்த டோகோட்ரியெனால். வாட்சாப்பில் வருகிறது, பாசார் மாலாமில் கிடைக்கிறது. "மூளை நரம்பைப் புதுப்பிக்கும்" என்கிறார்கள். இதில் முழுப் பொய் இல்லை என்பதே ஆபத்து. தலையில் அடி விழுந்த நொடியில் சேதம் முடிந்துவிடுவதில்லை. அடுத்த மணிகளிலும் நாட்களிலும் மூளை வீங்குகிறது, அழற்சி பரவுகிறது, தப்பிய செல்களும் மடிகின்றன. இந்த இரண்டாம் சேதத்தைத் தாவரப் பொருள்கள் தடுக்குமா என்று ஆய்வாளர்கள் தேடுவது நியாயமான தேடல்தான்.

ஆனால் ஆய்வில் உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளின் குர்குமின் கலந்த தீனி தின்ற எலிகள் தலைக்காயத்தைக் கூடுதலாகத் தாங்கின. அந்தத் தீனியை அவற்றுக்கு அடிபடுவதற்கு முன்பே நான்கு வாரம் ஊட்டியிருந்தார்கள். எந்த மோட்டார்காரனுக்குத் தன் விபத்து நான்கு வாரம் முன்னால் தெரியும்? நம் நாட்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட டோகோட்ரியெனால் ஆய்வு மனிதர்களிடமே நடந்தது: 121 பேர், இரண்டு ஆண்டுகள். மூளையின் வெண்பொருளில் இருந்த புண்கள் குளிகை தின்றவர்களுக்கு வளரவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் இதயநோய் அபாயம் உள்ளவர்கள். தலையில் அடிபட்டவர்கள் அல்லர்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது எவ்வளவு மோசமாக முடியும் என்பதற்கு மருத்துவ உலகமே சாட்சி. வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பித் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். 10,008 நோயாளிகளிடம் நடந்த கிராஷ் ஆய்வு 2004இல் அந்த நம்பிக்கையை உடைத்தது: இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினர் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9. எலிகளிடம் அமர்க்களமாக வேலை செய்த புரோஜெஸ்டிரோன் 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. பெரிய மருத்துவமனைகளே இப்படித் தடுமாறிய இடத்தில் பாசார் மாலாம் கடைக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த நிச்சயம்?

இன்னும் மோசமான ஒன்று உண்டு. குர்குமினும் கிங்கோ இலைச் சாறும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியவை. மண்டைக்குள் இரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முன்பே அவற்றைக் கொடுப்பவர் எதை விலையாக வைத்துச் சூதாடுகிறார்? அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், தேநீர் கேட்பார். உறைந்த இரத்தம் உள்ளே பெருகிச் சில மணி நேரத்தில் மயங்கி விழுவார். வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, கண்மணிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது, இவற்றில் எதைக் கண்டாலும் 999ஐ அழைப்பது ஒன்றே வழி. இரத்தக்கசிவைத் தடுக்கும் டிரனெக்சாமிக் அமிலம், 29 நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், லேசான, நடுத்தரக் காயம் பட்டவர்களில் மரணத்தைக் குறைத்தது. மலேசிய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. அந்த ஊசியையும் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். தோட்டங்களில் டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர் இருந்த காலத்தில் அவராவது அடிபட்டவரை லாரி பிடித்து ஏற்றி அனுப்புவார்.

மருந்து விளம்பரச் சட்டம் 1956 முதல் நடப்பில் உள்ளது. வலிப்பையும் பக்கவாதத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. தலைக்காயம் விட்டுச்செல்லக்கூடியவற்றில் இந்த இரண்டும் உண்டு. பிறகு அமலாக்கத்தில் ஏன் இத்தனை மெத்தனம்? வியாபாரிகள் டப்பாவில் உள்ள பதிவு எண்ணைக் காட்டி மயக்குகிறார்கள். பாரம்பரியப் பொருளுக்கு அந்த எண் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் கொடுக்கப்படுவது. மூளைக் காயம் ஆறும் என்பதற்கு அது சான்றாகாது.

தாவரங்களைக் கைவிடச் சொல்லவில்லை. பெகாகா (வல்லாரை) உலாம் தாராளமாகத் தின்னுங்கள். நமது கோரிக்கை சுகாதார அமைச்சிடமும், எண்ணெய் டன்னுக்குத் தீர்வை வசூலிக்கும் மலேசிய செம்பனை வாரியத்திடமும். ஹங் துவா ஜெயாவில் 2014இல் திறந்த சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் மலாக்காவிலேயே இருக்கிறது. இரத்தக்கசிவு நின்று உடல் தேறிவருபவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, டோகோட்ரியெனாலை முறையாக அங்கே சோதியுங்கள். சம்மதப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். பலன் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தாலும் அதை மறைக்காமல் வெளியிடுங்கள். அதுவரை குளிகைக் கடைகளுக்கு அமலாக்க அதிகாரிகளை அனுப்புங்கள்.