பெண்பிள்ளைகளும் தலைமைத்துவமும்: பள்ளியும் வீடும் செய்ய வேண்டியது என்ன?



நம் தமிழ்ப்பள்ளிகளின் பரிசளிப்பு விழாவில் பரிசு பெற மேடையேறும் மாணவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் பெண்பிள்ளைகளே மிகுதியாக இருப்பர். அதன் பிறகு, அதே மேடையில் நாற்காலிகளில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர் எனப் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்திருப்பர். பரிசு வாங்கும் பெண்பிள்ளைக்கும் அந்த நாற்காலிக்கும் இடையில் எங்கோ ஒரு பாதை அறுந்து போகிறது. அது எங்கே அறுகிறது என்பதே என் கேள்வி.

நாட்டளவிலும் இதே நிலைதான். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவியரின் எண்ணிக்கையே கூடுதல். ஆனால், 2022-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பெண்கள் பெற்றவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். வேலைச் சந்தையில் ஆண்களின் பங்கேற்பு எண்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்க, பெண்களின் பங்கேற்போ ஐம்பத்தைந்து விழுக்காட்டை ஒட்டியே இருந்து வருகிறது. படிப்பில் முந்தியவர்கள் பொறுப்பில் பிந்துகிறார்கள் என்றால், குறை அவர்களின் அறிவில் இல்லை என்பது தெளிவு.

நம் மண்ணின் முன்னோடிகள்

"நம் பெண்களுக்குத் தலைமைத்துவம் புதிது, மெல்ல மெல்லத்தான் வரும்" என்று சிலர் கூறுவதுண்டு. இக்கூற்று வரலாற்றுக்கு முரணானது. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையை அமைத்தபோது, அதில் சேர்ந்தவர்களுள் பலர் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள். படைத்தலைவி லட்சுமிக்கு அப்போது வயது 28. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவருக்கு 18. ராசம்மா பூபாலனுக்கு 16. ஜானகியின் தந்தையார் முதலில் மறுத்துப் பின்னர் இசைந்தார். அந்த இசைவு இல்லாவிடில், 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசு தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராகவும், பின்னர் மேலவை உறுப்பினராகவும் திகழ்ந்த ஒரு பெண்மணியை நாம் பெற்றிருப்போமா என்பது ஐயமே. இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது.

ராசம்மா பூபாலனோ ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் நன்றியோடு நினைக்க வேண்டியவர். போருக்குப் பின் அவர் ஆசிரியரானார். அக்காலத்தில் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தை, ஒரே தகுதியோடு கற்பித்தாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனத் தலைவராக இருந்து சம ஊதியத்திற்காகப் போராடியவர் அவர். மகளிர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பல்லாண்டுகள் குரல் கொடுத்ததன் பயனாக, 1960-களின் இறுதியில் அரசாங்கச் சேவையில் சம ஊதியக் கோட்பாடு ஏற்கப்பட்டது. இன்று மாத இறுதியில் நம் ஆசிரியைகள் பெறும் முழுச் சம்பளம் தானாக வந்ததன்று. பதினாறு வயதில் வீட்டுப் படியைத் தாண்டத் துணிந்த ஒரு பெண், பின்னாளில் தம் தோழியரோடு சேர்ந்து கேட்டு வாங்கித் தந்தது.

மற்றொருவர் ஐரின் பெர்னாண்டஸ். தொடக்கத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், தம் இருபதுகளிலேயே அப்பணியை விட்டுத் தொழிலாளர்களைத் திரட்டும் பணிக்குச் சென்றார். 1991-இல் தெனாகனித்தா அமைப்பைத் தோற்றுவித்தார். தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் படும் துயரத்தை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக அடுத்த ஆண்டே அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2008-இல்தான் விடுதலை பெற்றார். ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் அந்த அறிக்கைக்காக அவர் நீதிமன்றப் படியேறினார். தலைமைத்துவம் என்பது மாலையும் பொன்னாடையும் மட்டுமன்று, விலையும் உண்டு. இதையும் நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சட்டத்துறையில் அம்பிகா சீனிவாசனை அறியாதார் இலர். 2007-இல் வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்து, நீதித்துறைச் சீர்திருத்தம் வேண்டிப் புத்ராஜெயாவில் ஏறத்தாழ ஈராயிரம் வழக்கறிஞர்களை நடைப்பயணத்தில் வழிநடத்தியவர். பள்ளிப் பருவத்திலேயே தலைமை மாணவியாக இருந்தவர் அவர். பள்ளியில் ஒரு சிறுமிக்குக் கொடுக்கப்படும் பொறுப்பு அற்பமானதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்றைய இளம்பெண்கள்

பழம்பெருமை மட்டும் பேசிப் பயனில்லை. இன்றைய தலைமுறையையும் பாருங்கள். ஹெய்டி குவா தம் பதினெட்டாம் வயதில் அகதிப் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில் தொண்டூழியராகக் கற்பித்தார். பணமின்றி அப்பள்ளி மூடப்படும் நிலை வந்தபோது, 2012-இல் அகதிகளுக்கான ஓர் அமைப்பையே தோழியோடு இணைந்து தொடங்கினார். வாக்களிக்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கக் கோரிய 'உண்டி 18' இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் கைரா யுஸ்ரி என்னும் இளம்பெண். அவரோடு இணைந்து அதனைத் தொடங்கியவர் தர்மா பிள்ளை. 2019 ஜூலையில் மக்களவையில் அத்திருத்தம் எதிர்ப்பே இன்றி நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கும் வந்தது.

இச்சட்டத் திருத்தம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுகிறது. இன்று ஆறாம் ஆண்டில் நம் முன் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, இன்னும் ஆறே ஆண்டுகளில் வாக்காளர். அவளுக்குக் கருத்துச் சொல்லக் கற்றுக்கொடுக்க நமக்கு முன்புபோல் நெடுங்காலம் இல்லை.

பாதை அறுபடும் இடம்

என் இருபதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது இதுதான். பெண்பிள்ளைகளுக்கு நாம் வேலை கொடுக்கிறோம், அதிகாரம் கொடுப்பதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து வருபவள் அவள். வகுப்பறையைத் துப்புரவாக வைப்பவள் அவள். விழாவில் சந்தனமும் கற்கண்டும் ஏந்தி வாசலில் நிற்பவளும் அவளே. மாணவர் தலைவர் பதவியென்று வரும்போது மட்டும், "பையனாக இருந்தால் குரல் எடுபடும்" என்கிறோம். அவளுக்குத் துணைத்தலைவர் பதவியோ செயலாளர் பதவியோ கிடைக்கிறது. கூட்டக் குறிப்பை அவள் எழுத, அதை அவன் வாசிக்கிறான்.

வீட்டிலும் இதே கதைதான். கேள்வி கேட்கும் மகனைக் "கெட்டிக்காரன்" என்கிறோம். அதே கேள்வியைக் கேட்கும் மகளை "வாயாடி" என்கிறோம். அந்த ஒரு சொல்லே போதும். படிவம் ஒன்றுக்குப் போய்ப் புதிய மொழிச் சூழலில், பெரிய வகுப்பில் அமரும்போது அவள் கை உயராது.

இங்கே நியாயமான எதிர்வாதம் ஒன்றும் உண்டு. "பின்தங்குவது நம் ஆண்பிள்ளைகள்தாமே? அவர்களை அல்லவா முதலில் கவனிக்க வேண்டும்?" என்று ஆசிரியர் பலர் கேட்கின்றனர். ஆண்பிள்ளைகளின் பின்னடைவு உண்மையான கவலை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றே. பெண்பிள்ளைக்கு அடக்கத்தைப் பழக்குகிறோம். ஆண்பிள்ளைக்குப் பொறுப்பிலிருந்து விலக்களிக்கிறோம். துடைப்பத்தை அவனும், ஒலிவாங்கியை அவளும் எடுக்கப் பழகினால் இருவருமே நிமிர்வர். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

பெற்றோரின் அச்சத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். காலம் கெட்டுக் கிடக்கிறது. மகளை முகாமுக்கும் போட்டிக்கும் தனியே அனுப்ப மனம் நடுங்கும். அஞ்சுவது குற்றமன்று. ஆனால், அச்சத்திற்கு மருந்து கதவை மூடுவதன்று, கூடவே செல்வது. யார் பொறுப்பாசிரியர், எங்கே தங்குவார்கள், எப்போது திரும்புவார்கள் எனப் பள்ளியிடம் கேளுங்கள். அக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் தருவது பள்ளியின் கடமை.

நாம் செய்யக் கூடியவை

1. மாணவர் தலைவர் பதவியை ஆண்டுதோறும் ஆணுக்கே என ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். மாணவர்களையே வாக்களிக்கச் செய்வோம். வாக்குச் சீட்டின் பொருளையும் அவர்கள் அங்கேயே கற்பர்.

2. புறப்பாடக் கழகங்களில் எழுதும் பணியையும் பேசும் பணியையும் தவணைக்கொரு முறை மாற்றிக் கொடுப்போம்.

3. ராசம்மா பூபாலன், ஜானகி ஆதி நாகப்பன் ஆகியோரின் வாழ்க்கையைப் பேச்சுப்போட்டித் தலைப்புகளாக்குவோம். பிற நாட்டுப் பெண்களைப் பற்றி மனப்பாடமாய்ப் பேசும் நம் மாணவிக்கு ஈப்போவையும் கோலாலம்பூரையும் சேர்ந்த பெண்களைத் தெரியாமல் இருப்பது முறையன்று.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில் தாய்மார்கள் வெறும் செயலவை உறுப்பினராக நின்றுவிடாமல் தலைமைப் பொறுப்புக்கும் போட்டியிட வேண்டும். மகள் கேட்பதைவிடக் காண்பதையே கற்றுக்கொள்கிறாள்.

5. தவறு செய்யவும் அவளுக்கு உரிமை கொடுப்போம். மேடையில் தடுமாறிய மாணவனுக்கு அடுத்த வாய்ப்புத் தரும் நாம், தடுமாறிய மாணவியை மீண்டும் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இவற்றுக்கு அமைச்சின் சுற்றறிக்கை வேண்டாம், மானியமும் வேண்டாம். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் பெற்றோரும் மனம் வைத்தால், வரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம். பதவி நியமனப் பட்டியலைத் தயாரிக்க அமரும்போது, "இவளால் முடியுமா?" என்று கேட்பதற்கு முன், "இவளுக்கு இதுவரை நாம் வாய்ப்புக் கொடுத்திருக்கிறோமா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.