வைக்கோல் பணம் யார் கைக்கு?

வைக்கோல், உமி, கரும்புச் சக்கை எல்லாம் இன்று சர்க்கார் ஏடுகளில் 'உபரிக் கழிவு'. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டன் பயிர்மிச்சம், அதில் 23 கோடி டன் உபரி, அதைக்கொண்டு 28,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு 5 பங்காவது பயிர்மிச்சக் கட்டிகளைச் சேர்த்து எரிக்க வேண்டுமென 2021ல் உத்தரவும் பிறந்தது. வரவேற்கிறோம். ஆனால் யார் கண்ணுக்கு இது கழிவு?

பாகூர் கொம்யூனில் அறுப்புக்குப் போகும் எந்தத் தொழிலாளியிடமும் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பஞ்சாபைப்போல் நம் பக்கத்தில் வைக்கோலைக் கொளுத்துவது அபூர்வம். நிலமில்லாத குடும்பத்தின் ஒற்றைப் பசு அதை நம்பித்தான் நிற்கிறது. உமியையும் ஒரு காலத்தில் சும்மா அள்ளிப் போகச் சொன்னார்கள். பாய்லருக்கும் சூளைக்கும் ஆகுமென்று தெரிந்ததும் ரைஸ்மில் வாசலில் தராசு வந்துவிட்டது!

கரும்பில் நடந்ததைப் பாருங்கள். 100 டன் கரும்பு அரைத்தால் சுமார் 30 டன் சக்கை. அதை எரித்து ஆலையும் ஓடுகிறது, மிஞ்சும் மின்சாரமும் விலையாகிறது. சர்க்கரையிலும் உபபொருள்களிலும் வரும் வருமானத்தில் நூற்றுக்கு 70 பங்கு விவசாயிக்கு வேண்டுமென்று 2012ல் ரங்கராஜன் கமிட்டி சொன்னது. அதற்கு முன்பே, ஆலையின் கூடுதல் லாபத்தில் விவசாயிக்குப் பாதி என்ற விதியை 2009ல் சர்க்கார் எடுத்துவிட்டது. இந்தச் சண்டை முழுவதிலும் கரும்பு வெட்டும் கூலியாளின் பெயரே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வைக்கோலின் முறை. ஒரு டன் வைக்கோலை மின்நிலையத்தில் எரித்தால் ஏறக்குறைய 700 யூனிட் கிடைக்கும். காற்றுப் புகாமல் சுட்டால் 300 கிலோ கரி கிடைக்கும். மண்ணில் சேர்த்த கரி நெடுங்காலம் மக்காது. ஆகவே அரை டன் கரியமிலவாயுவை ஆகாயத்துக்கு விடாமல் பிடித்து வைத்ததாக அதற்குச் சீட்டு எழுதுகிறார்கள். அதுதான் கார்பன் கிரெடிட். தங்கள் புகையை நிறுத்த மனமில்லாத அந்நியக் கம்பெனிகள், டன்னுக்கு 100 டாலருக்கு மேலும் கொடுத்து அந்தச் சீட்டை வாங்குகின்றன. நம் ஒரு டன் வைக்கோலுக்கு நாலாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது! சூளை, சோதனை, சான்றிதழ், தரகு எல்லாம் இதில் கழியும், மறுக்கவில்லை. மிச்சம் யாருக்கு?

செலவில் பெரும்பங்கு வயலிலிருந்து வாரிக் கட்டி ஏற்றுவதில்தான். வைக்கோல் ஏற்றிய லாரி பாதி காற்றைத்தான் சுமக்கிறது. தமிழ்நாட்டில் தொடங்கிய பல பயிர்மிச்ச மின்நிலையங்கள் எரிபொருள் விலை ஏறியதால் மூடிக் கிடக்கின்றன. இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு டன் வைக்கோலோடு பதினைந்து இருபது கிலோ பொட்டாஷ் நிலத்தைவிட்டுப் போகிறது. தூரத்து மின்நிலையத்தின் சாம்பல் பாகூருக்குத் திரும்பி வராது. அருகிலேயே சுட்ட கரி அதே வயலுக்குத் திரும்பும்.

ஆகவே கொம்யூன்தோறும் சிறு சூளை, அதுவும் கூட்டுறவில், என்பதே நம் கட்சி. ஏ.எப்.டி. ஆலையை 2020ல் மூடினார்கள். பாய்லர் தெரிந்த கைகள் நெல்லித்தோப்புத் தெருக்களில் இல்லையா? லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலையும் கூட்டுறவுதானே, அரவை நின்று கிடக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதிகாரிகள் கையில் விட்ட கூட்டுறவை நாம் கேட்கவில்லை. விவசாயியும் கூலியாளும் கணக்குப் பார்க்கும் கூட்டுறவைக் கேட்கிறோம்.

மாட்டுத் தீனிக்கு வேண்டிய வைக்கோலை ஒதுக்கிய பிறகே சூளைக்குப் போக வேண்டும். வாரிக் கட்டும் வேலைக்குக் கூலியும், கார்பன் பணத்தில் பங்கும் எழுத்தில் வேண்டும். எந்தக் கம்பெனியோடு கையெழுத்துப் போடுமுன்பும் புதுச்சேரி சர்க்கார் அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கொம்யூன் அலுவலக வாசலிலும் ஒட்டட்டும்.