சித்தப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த 108 மெகாபிக்சல்

உங்க சொந்தக்காரங்க யாராவது போன் வாங்கணும்னா முதல் கால் உங்களுக்குத்தானே வருது? "தம்பி, நீ இன்ஜினியரிங் படிக்க. எந்த போன் நல்லதுன்னு நீயே சொல்லிரு." நாம சிவில் படிச்சாலும் சரி, மெக்கானிக்கல் படிச்சாலும் சரி, வீட்டைப் பொறுத்தவரை நாமதான் செல்போன் நிபுணர். கேம்பஸ் இன்டர்வியூ வரைக்கும் நம்ம படிப்புக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை அதுதான். அந்த மரியாதையை நான் எப்படிக் கெடுத்துக்கிட்டேன்னு சொல்றேன். உங்க வீட்டுல அடுத்த கால் வர்றதுக்குள்ள படிச்சிருங்க.

2023 ஜூன். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போன நேரம். என் சித்தப்பா விசைப்படகில் டிரைவர். காலையில் அஞ்சு மணிக்குப் போனால் ராத்திரி கரை திரும்புகிற தொழில். புது போன் வேணும்னார். நான் ரெண்டு நாள் யூடியூப் ரிவ்யூ பார்த்து, எக்செல் ஷீட் போட்டு, 18,000 ரூபாய்க்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 108 மெகாபிக்சல் கேமரா, 8 ஜிபி ரேம், அதற்கு மேல் 3 ஜிபி விர்ச்சுவல் ரேம், கேமிங் பிராசஸர். டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் கடையை விட்டு வெளியே வரும்போது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

மறுநாள் ராத்திரி சித்தப்பா சொன்னார்: "ஏலே மக்கா, இது போனா கண்ணாடியா? வெயில்ல எடுத்துப் பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது."

ரிவ்யூ எடுக்கிறவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து எடுக்கிறார்கள். நடுக்கடலில் மேலே மறைப்பே கிடையாது, கீழே தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். விளம்பரத்தில் போடும் 'பீக் பிரைட்னஸ்' என்பது திரையின் ஒரு சின்ன மூலையில், எச்டிஆர் வீடியோ ஓடும்போது மட்டும் தொடுகிற அளவு. வெயிலில் முழுத் திரையும் எவ்வளவு நிட்ஸ் தருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். என் எக்செல் ஷீட்டில் அந்த காலமே கிடையாது. சித்தப்பாவுக்கு மட்டுமல்ல, நம்ம ஊர் உப்பளத்தில் வெள்ளை வெளேர் உப்புக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது டச். கப்பாசிட்டிவ் திரை, விரலில் உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்கிறது. உப்புத்தண்ணி நல்ல கடத்தி. ஈரக் கையோடு தொட்டால் திரைக்கு எது விரல், எது துளி என்று தெரியாது. அட்டெண்ட் பண்ணப் போனால் கட் ஆகும்.

நவம்பரில் சார்ஜ் ஏறுவது நின்றது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் குட்டி ஸ்டிக்கர் சிவப்பாகி இருப்பதைக் காட்டினார்கள். லிக்விட் டேமேஜ், வாரண்டி கிடையாது. "தண்ணியில போடவே இல்லையே தம்பி" என்று சித்தப்பா அந்தப் பையனிடம் கெஞ்சியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவர் சொன்னது பொய் இல்லை. கடல் காற்றே போதும். டைப்-சி பின்னில் தங்க முலாம் மிக மெல்லியது. அடியில் நிக்கல், செம்பு. உப்பு ஈரம் படிந்த பின்னில் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் வந்ததும் எலக்ட்ராலிசிஸ் ஆரம்பித்துவிடும். நாம லேப்ல பீக்கரில் செய்வதை அது சட்டைப் பையில் செய்கிறது. கெமிஸ்ட்ரியில் அரிப்பு பற்றி எழுதித்தான் நானும் பாஸ் பண்ணேன். தூத்துக்குடியில் பிறந்து, அதை போனோடு சேர்த்து ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஐபி68 வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்; 68 என்றால் அதற்கு மேல், கம்பெனி சொல்லும் அளவு. ரெண்டுமே நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை, கடல் தண்ணீரில் இல்லை. அப்படி எழுதியிருந்தும் தண்ணீரால் கெட்டால் வாரண்டி தராத கம்பெனிகள்தான் அதிகம்.

அந்த 108 மெகாபிக்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக எடுக்கும் போட்டோவில் ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் சேமிக்கிறது. விர்ச்சுவல் ரேம் என்பது ஸ்டோரேஜில் ஒரு துண்டை ரேம் என்று சொல்லிக்கொள்வது. நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'உங்கள் மீனவன் மூக்கையூர்' மாதிரி சேனல் நடத்துபவர்களுக்கு கேமராதான் தொழில் கருவி. நமக்கும் கல்ச்சுரல்ஸ் ரீல்ஸ் இருக்கிறது, ஆசை தப்பில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது என் ஆசையை.

பணம் கட்டிய கதை இதைவிட மோசம். அது 'நோ காஸ்ட் இஎம்ஐ'. மாதம் 1,500 வீதம் 12 மாதம். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பொதுவாக வட்டித் தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறார்கள். ரொக்கம் கொடுத்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி அதில் போய்விடும். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. பிராசசிங் ஃபீஸ் வேறு. நான் இதையெல்லாம் படிக்காமல் 'சீரோ பர்சென்ட்' என்ற போர்டை நம்பினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இஎம்ஐ தேதிக்குத் தெரியாது. 2024 மே மாதத் தவணைக்கு அக்கவுண்டில் பணம் இல்லை, பவுன்ஸ் சார்ஜ் விழுந்தது. தடைக்கால நிவாரணமாக அரசு கொடுக்கிற 8,000 ரூபாயில் ஒரு பங்கு, எப்போதோ செத்துப் போன ஒரு போனுக்குப் போனது.

இடையில் 2023 டிசம்பர் மழை. 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்க தெருவில் கரண்ட் போன மறுநாள் மாலைக்குள் எல்லா ஸ்மார்ட்போனும் அணைந்துவிட்டது. சித்தப்பா பழைய பட்டன் போனுக்கே திரும்பியிருந்தாரே, அது மட்டும் உயிரோடு இருந்தது. மொட்டை மாடியில் ஏறி ஒரு கட்டி சிக்னல் கிடைக்கும்போது தெருவே அதில் பேசியது. 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே வைத்திருந்த நானும் வரிசையில் நின்றேன்.

போன் எதற்கு என்ற கேள்வியை நம்ம பக்கத்துக் கடற்கரை ஏற்கெனவே சரியாகப் பதில் எழுதியிருக்கிறது. வட கேரளாவில் 1997-இல் இருந்து 2001 வரை செல்போன் டவர்கள் வந்தபோது, மத்தி பிடிக்கிறவர்கள் கரை வருவதற்கு முன்பே போன் பண்ணி எந்தத் துறையில் விலை இருக்கிறது என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். விற்காமல் கொட்டுகிற மீன் இல்லாமலே போனது, மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அந்த போன்களில் கேமராவே கிடையாது.

இப்போது இன்னும் நிறைய இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி அலை உயரம், காற்று எல்லாம் தமிழில் சொல்கிறது. 2017 ஒக்கியில் டவர் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பிறகு 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோளில் இருந்து வரும் எச்சரிக்கையை ப்ளூடூத் வழியாக போனுக்குத் தருகிறது. அதற்கு எந்த பிராசஸரும் போதும். போனில் சார்ஜ் இருக்கணும், வெயிலில் எழுத்து தெரியணும்.

நம்ம ஊர் முத்துக்குளிப்பில், ஆங்கிலேயர் காலத்தில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. 2014 ஜூலையில் எம்ஐ 3 ஃபிளாஷ் சேலில் சில நொடிகளில் விற்றுத் தீர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் அப்போது சின்னப் பசங்க, அண்ணன்மார் சொல்லிக் கேட்டதுதான். அதுவும் மூடிய சிப்பி ஏலம்தான் என்று எனக்குத் தோன்றும். ஒரு வித்தியாசம், போன் சிப்பியைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடை அண்ணனிடம் போய்க் கேட்டேன், எந்த போன் அதிகம் வருது, எதுக்கு வருதுன்னு. யூடியூபில் ரெண்டு நாளில் கிடைக்காத விஷயம் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. தன் கடைக்கு வருவதில் அதிகம் சார்ஜிங் பின், அடுத்தது டிஸ்ப்ளே என்றார். சில மாடலில் சார்ஜிங் பின் தனி சப்-போர்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். சிலதில் மெயின் போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கும், அது போனால் செலவு பெரிது. இதை எந்த பாக்ஸிலும் எழுத மாட்டார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ரிப்பேர் மதிப்பெண்ணை லேபிளிலேயே போட வேண்டும், உதிரி பாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. லேபிள் வரும் வரைக்கும் அந்த அண்ணன்தான் நமக்கு லேபிள்.

சித்தப்பா மறுபடியும் போன் வாங்கப் போகிறார். பேரன் வீடியோ காலில் வருகிறான், பட்டன் போன் போதவில்லை. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார், ஆச்சரியம். இந்த முறை ரொக்கம், 10,000-க்குள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போகிறோம். நேரத்தைக் குறித்தது அவர். கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பார்த்த பிறகுதான் விலை பேசணுமாம். கையை நனைக்க ஒரு பாட்டில் தண்ணியும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், உப்புப் போட்டு.