கம்பி பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஈப்போவின் புந்தோங் வீடுகளில் சாய வாளிகள் வெளியே வந்துவிடும். சுவரைச் சுரண்டுவார்கள், சீலிங்கைத் துடைப்பார்கள், சிலர் ஏணி வைத்துக் கூரையிலும் ஏறுவார்கள். அந்தக் கூரை அலை அலையாகச் சாம்பல் நிறத்தில், பாசி படிந்து கறுத்துக் கிடந்தால் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுக்கக் கூடாது. அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடாக இருக்கலாம்.

பேராக்கில் இந்தத் தகடு வெளியூர்ச் சரக்கு அல்ல. 1960களில் ஈப்போ தாசேக்கிலேயே யுனைடெட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் நிறுவனம் தொழிற்சாலை நடத்தியது. அத்தாப்பு தீப்பிடிக்கும், தகரம் துருப்பிடிக்கும், நண்பகலில் கொதிக்கும். இந்தத் தகடு எரியாது, துருப்பிடிக்காது, விலையும் கட்டுப்படியாகும். அதனால் மலிவு விலை வீடுகளுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் கூரையாக, சீலிங்காக, தடுப்பாக வந்து சேர்ந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலும் பழைய லயங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றில் குடியிருப்போரும் இருக்கிறார்கள்.

தகட்டில் பெரும்பகுதி சிமெண்ட். ஆஸ்பெஸ்டாஸ் நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சிமெண்ட் அதை இறுகப் பிடித்திருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கிளம்பும். அவை நுரையீரலின் அடி வரை இறங்கும். உடலால் அவற்றைக் கரைக்க முடியாது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இருபது வயதில் கூரை பிரித்தவர் பேரன் பேத்தி எடுத்த பிறகு மூச்சுவிட முடியாமல் படுத்தால், அந்தப் பழைய கூரையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலையிடத்தில் இதைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 200,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பதும் அதன் கணக்கு.

மலேசியாவின் 1986 விதிமுறைகள் நீல ஆஸ்பெஸ்டாஸைத் தடுத்தன. வெள்ளை வகைக்கு முழுத் தடை இன்னும் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்காக நெடுங்காலமாகக் குரல் கொடுக்கிறது. அக்கரையில் சிங்கப்பூர் 1989லேயே கட்டடங்களில் இதை நிறுத்திவிட்டது. ஆனால் நாளையே தடை வந்தாலும், தலைக்கு மேல் இருக்கும் தகடு அப்படியேதான் இருக்கும்.

ஆகவே வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். பார்வையை வைத்து ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதிசெய்ய முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதுத் தகடும் இதே தோற்றத்தில் வருகிறது. ஆய்வுக்கூடம்தான் சொல்லும். பழைய வீடு, சோதிக்கவும் வழியில்லை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. விரிசல் இல்லாத தகட்டை விட்டுவிடலாம். மேலே ஏறி நடக்கவே கூடாது; பழந்தகடு திடீரென்று உடைந்து ஆளைக் கீழே தள்ளும், அந்த விபத்துக்கு இருபது ஆண்டு தேவையில்லை.

கழற்றியே ஆக வேண்டுமென்றால் பழகிய ஆட்களை அழைக்க வேண்டும். அவர்கள் தகட்டைத் தண்ணீரால் நனைக்கிறார்களா, ஆணியை முதலில் கழற்றி முழுத் தகடாக இறக்குகிறார்களா, அல்லது சுத்தியலால் அடித்துக் கீழே வீசுகிறார்களா என்று வீட்டுக்காரர் தள்ளி நின்று கவனிக்கட்டும். மின்சார ரம்பம் வேண்டாம். துணி முகக்கவசம் இந்த இழையைத் தடுக்காது. பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலை செய்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு போட்டுத் துவைக்கக் கூடாது.

உடைந்த துண்டு கோழிக்கூண்டுக்கு ஆகும், கால்வாய்க்கு மூடியாகும், சேற்றுப் பாதையில் கொட்டலாம் என்று எடுத்து வைப்பது எங்கும் உள்ள பழக்கம். பாதையில் கொட்டியதன் மேல் லோரி ஏறி ஏறி நசுக்கும். அந்தப் புழுதியில்தான் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, என்னவென்று எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைத்த பிறகு எங்கே கொண்டுபோவது? ஆஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு (scheduled waste). உரிமம் பெற்ற நிறுவனத்தை அமர்த்தத் தொழிற்சாலைக்கு வசதி இருக்கிறது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. ஈப்போ மாநகர் மன்றமும் மற்ற ஊராட்சி மன்றங்களும் ஆண்டுக்குச் சில நாள் ஒதுக்கி, சுற்றிக் கட்டிய தகடுகளை வீட்டு வாசலிலேயே இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் அதைத் தொடங்கட்டும்.