என் வீட்டு முகவரிப் புத்தகத்தில் கை வைக்க நீ யார்?

ஜொகூர் வாழ் தமிழ்க் குடும்பங்களே!

வீட்டில் வைஃபை பெட்டி இருக்கிறதா? மாதம் தவறாமல் பணம் கட்டுகிறீர்களா? அப்படியானால் இது உங்கள் விவகாரம். டிஎன்எஸ் என்ற எழுத்துகளைப் பார்த்ததும் "இது கணினி படித்தவர்கள் பேச வேண்டியது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் இந்த மூன்று எழுத்தை வைத்துத்தான் நம் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் கை நீட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். நீங்கள் ஒரு செய்தித் தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் டெலிபோன் புத்தகம் பார்த்து எண் சொன்னார்களே, அதே வேலைதான். அதைச் செய்வது டிஎன்எஸ். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால், உங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்தின் புத்தகம்தான் உங்கள் வீட்டில் ஓடும். மலேசிய தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எம்சிஎம்சி, "இந்தத் தளத்தை முடக்கு" என்று சொன்னால், நிறுவனம் தன் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே வேறு எண்ணை எழுதிவிடும். பெரும்பாலும் 175.139.142.25. அங்கே போனால் "இந்த அகப்பக்கம் நாட்டுச் சட்டத்தை மீறியது" என்று மலாயில் ஓர் அறிவிப்பு கிடக்கும். பல நேரங்களில் அதுகூட வராது, வெறும் பிழைச் செய்திதான். நாமோ போன் பழுது, லைன் சரியில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

உங்களில் பலர் விடியற்காலையில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இங்கே திறக்காத பக்கம் அங்கே உட்லண்ட்ஸில் அந்த ஊர் சிம்மில் திறக்கும். (சிங்கப்பூருக்கும் ஒரு தடைப் பட்டியல் உண்டு. அது வேறு கதை.) பக்கம் சாகவில்லை, உங்களுக்கு வழி சொன்னவன்தான் மாற்றிச் சொன்னான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வேறொருவர் புத்தகத்தைப் பார்க்கவும் உங்களுக்கு வழி உண்டு. கூகுள் 2009இல் 8.8.8.8 என்ற எண்ணில் ஒன்றை இலவசமாகத் திறந்தது. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரலில் 1.1.1.1 என்று ஒன்றைத் தந்தது. குவாட்9 என்ற அமைப்பின் எண் 9.9.9.9. மோசடித் தளம், வைரஸ் தளம் என்று தெரிந்தவற்றுக்கு இது வழி சொல்லவே மறுத்துவிடும். வைஃபை பெட்டியின் அமைப்புக்குள் போய் இந்த எண்ணை எழுதினால் போதும். வீட்டில் உள்ள எல்லா போனும் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கும்.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் நடந்தது என்ன? மெக்சிஸ், டைம் வாடிக்கையாளர்கள் சிலர் ஒரு விந்தையைக் கண்டார்கள். 8.8.8.8 என்று எழுதிக் கேட்டால், பதில் கூகுளிடமிருந்து வரவில்லை. நடுவழியில் கேள்வியை மடக்கி, நிறுவனமே தன் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொன்னது. நீங்கள் கடிதத்தில் எழுதிய முகவரியை அடித்துவிட்டு, தபால்காரரே பிரித்துப் படித்துப் பதிலும் எழுதி அனுப்பியது போல! இதற்கு உத்தரவு ஆணையத்துடையது. செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி ஆணையம் விளக்கம் தந்தது: இது கொடுங்கோன்மை அல்ல, பலவீனமானவர்களைத் தீய தளங்களிடமிருந்து காப்பதற்காம். மறுநாளே தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில், இதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டதாக அறிவித்தார்.

ஒரே நாளில் பின்வாங்கினார்களே, ஏன்? கணினித் துறையினரும் வணிகர்களும் கூச்சல் போட்டார்கள், அதனால்தான் என்பது என் கணிப்பு. செடெனாக்கிலும் கூலாயிலும் தரவு மையங்களை வரவழைத்துப் பெருமை பேசும் நாடு, வெளிநாட்டு முதலாளி முகம் சுளித்தால் தாங்காது. நம் கோயில் மண்டபக் கூட்டங்களில், சங்க மேடைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா? "பலவீனமானவர்கள்" என்று சொன்னது நம்மைப் போன்ற குடும்பங்களைத்தான். நம்மைக் காக்க என்றார்கள், ஆனால் நம்மைக் கேட்கவில்லை.

ஆணையமே அந்த விளக்கத்தில் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை முடக்கிய தளங்கள் 24,277. சூதாட்டம் 39 விழுக்காடு, ஆபாசம் 31, காப்புரிமை மீறல் 14, "மற்ற தீய தளங்கள்" 12, விபச்சாரம் 2. கடைசியில் சட்டவிரோத முதலீடு, மோசடித் தளங்கள் வெறும் 2 விழுக்காடு! பாசிர் கூடாங்கிலும் மாசாயிலும் தொழிற்சாலை வேலை செய்து சேர்த்த இபிஎஃப் பணத்தைப் போலி முதலீட்டில் பறிகொடுத்தவர்கள் நம் சனத்தில் எத்தனை பேர்! நம்மை உண்மையில் கொள்ளையடிப்பவனுக்கு 2 விழுக்காடு. சினிமாப் படத்தின் காப்புரிமைக்கோ அதைப்போல் ஏழு மடங்கு. "மற்ற தீய தளங்கள்" என்றால் எவை? யார் முடிவு செய்தது? பட்டியல் எங்கே?

சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு, இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகப் பொருள் கொள்ளக்கூடாது என்று சொல்கிறது. மல்டிமீடியா சூப்பர் காரிடாருக்கு முதலீட்டாளர்களைக் கூப்பிட்டபோது மகாதீர் அரசு கொடுத்த வாக்குறுதியும் அதுதான். ஆனால் அதே சட்டத்தின் 263ஆம் பிரிவு, குற்றம் நடக்காமல் தடுக்க நிறுவனங்கள் ஆணையத்துக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. முன்வாசலை 3(3) பூட்டுகிறது, பின்வாசலை 263 திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பின்வாசல் வழியாகப் போகும் கடிதத்துக்கு முன்கூட்டியே நீதிபதியின் கையெழுத்து வேண்டியதில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 10ஆவது விதி, பேச்சுரிமைக்கு வரம்பு போடும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது, அதுவும் சட்டம் இயற்றித்தான். ஓர் ஆணையத்தின் கேள்வி-பதில் தாள் சட்டமாகாது.

"தீயதைத்தானே தடுக்கிறார்கள்" என்று சொல்லும் பெரியவர்களே, கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். 2008 ஆகஸ்டில் முடக்கியது ராஜா பெத்ராவின் மலேசியா டுடே. எதிர்ப்பு வலுத்த பிறகு செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். 2015 ஜூலையில் 1எம்டிபி பற்றி எழுதிய சரவாக் ரிப்போர்ட். நாட்டின் நிலைத்தன்மைக்கு ஆபத்து என்றார்கள். ஆட்சி மாறி 2018 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி வழக்கில் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார். அப்படியென்றால் நாட்டுக்கு ஆபத்தாக இருந்தது எழுதியவரா, எழுதப்பட்டவரா? 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடரை முடக்கினார்கள், மார்ச் 14-இல் அது மூடியே போனது. இதெல்லாம் சூதாட்டத் தளமா, ஆபாசத் தளமா?

நம்மவர்க்கு இந்த வித்தை புதிதும் அல்ல. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் தளத்தை அந்நாட்டு இணைய நிறுவனங்கள் அரசு சொல்லி முடக்கின. போர்க்காலத்தில், தமிழர் பக்கச் செய்தி வேண்டியவர்களுக்கே அது எட்டாமல் போனது. துருக்கியில் 2014 மார்ச்சில் டுவிட்டரை முடக்கியபோது, மக்கள் சுவர்களில் 8.8.8.8 என்று எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சில நாளில் அரசுத் தரப்பு கூகுளின் அந்த எண்ணையே மடக்கியது. 2024இல் இங்கே முயன்றது அதே வேலைதான்.

சிறுபான்மையாகிய நமக்கு இதில் கூடுதல் வலி இருக்கிறது. தடுப்புக் காவலில் ஒரு பையன் செத்தால், கோயில் இடிபட்டால், இங்கேயே பிறந்த பிள்ளை அடையாளக் கார்டு இல்லாமல் நின்றால், அரசு தொலைக்காட்சியிலா முதலில் வருகிறது? சின்னச் சின்ன சுயேச்சைத் தளங்களில்தான் வருகிறது. முதலில் முடக்கப்படக் கூடியவையும் அவைதான்.

பிள்ளைகளைக் காக்க வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதை நீங்களே செய்யலாம். கிளவுட்ஃபிளேர் குடும்பங்களுக்கென்றே 1.1.1.3 என்ற எண்ணை 2020 முதல் தருகிறது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் அது தடுக்கும். அப்பா அம்மா போடும் பூட்டு அது. வேண்டாமென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். அமைச்சு போடும் பூட்டுக்குச் சாவி நம்மிடம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று ஓர் எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும். அதில் நுழைந்து டிஎன்எஸ் என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் எண்ணை எழுதுங்கள். பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். சில நிறுவனங்கள் தரும் பெட்டியில் அந்த இடம் பூட்டியிருக்கும், அப்போது போனிலேயே மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 9-க்குப் பிறகு வந்த போன்களில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஓர் இடம் உண்டு. அதுதான் இன்னும் நல்லது. கேள்வி பூட்டிய உறைக்குள் போவதால் நடுவழியில் பிரித்துப் படிக்க முடியாது. வைஃபை பெட்டியில் வெறும் எண்ணை எழுதுவது திறந்த தபால் அட்டை மாதிரி. 2024இல் மடக்கியது அந்த அட்டைகளைத்தான்.

அதிகமாகவும் நம்பிவிடாதீர்கள். இது உங்களை மறைத்து வைக்காது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய நிறுவனம் வேறு வழிகளில் பார்க்க முடியும். கூகுளும் தர்ம சத்திரம் நடத்தவில்லை. அந்த எண்ணைப் போட்டால் உங்கள் கேள்விகள் அதன் கைக்குப் போகின்றன. வேறொரு டிஎன்எஸ் வைத்துக்கொள்வதைக் குற்றம் என்று சொல்லும் பிரிவு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இல்லை. ஆனால் அதைக் கொண்டு சூதாட்டத்துக்குப் போனால் குற்றம் குற்றம்தான், என்னிடம் வராதீர்கள்.

2024 செப்டம்பர் 8-இல் அமைச்சர் சொன்னது வாய் வார்த்தை. அதற்குப் பின் 2025 ஜனவரி 1 முதல் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றார்கள். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. 263ஆம் பிரிவும் நீங்கவில்லை. ஆகவே எண்ணை மாற்றியதோடு விட்டுவிடாமல், மாதம் ஒரு முறை "டிஎன்எஸ் லீக் டெஸ்ட்" என்று தேடி, உங்களுக்குப் பதில் சொல்வது யார் என்று பாருங்கள். நீங்கள் எழுதிய எண்ணுக்கு உரியவர் பெயர் வராமல் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் வந்தால், திரையைப் படம் பிடித்து, தேதி நேரம் குறித்து, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மூன்று கேள்வி அனுப்புங்கள்: எந்தச் சட்டப் பிரிவின் கீழ் மடக்கினீர்கள், யார் உத்தரவு, எந்தத் தேதி? நகல் ஒன்றை ஆணையத்துக்கும், ஒன்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.